எண்ணெய் போடாத கதவு

அன்புள்ள சார்,

போன சனிக்கிழமை இரவுக் காட்சிக்கு மனைவியோடு ஒரு ஆங்கிலப் பேய்ப்படத்துக்குப் போயிருந்தேன். பழைய பங்களா, புதிதாகக் குடிவரும் குடும்பம், பூட்டிய நிலவறை என்று வழக்கமான சமாச்சாரம்தான். டிரெய்லர் ஓடும்போதே சத்தம் காதைக் கிழித்தது. வெளியே போய் ஊழியரிடம் சொல்லிக் குறைக்க வைத்தேன். ஆனால் படம் துளிகூடப் பயமுறுத்தவில்லை. கதவு கிறீச்சிட்டபோது பின்வரிசையில் ஒருத்தன் "எண்ணெய் போடுங்கடா" என்று கத்த, அரங்கமே சிரித்தது. இதே இயக்குநரின் முந்தைய படத்தை வீட்டில் ஹெட்போன் மாட்டிப் பார்த்தபோது பாத்ரூம் போகவே பயந்தவன் நான். பேய்வீட்டுக் கதைகள் காலாவதியாகிவிட்டனவா? 19 ஹெர்ட்ஸ் என்று காதுக்குக் கேட்காத ஒலியைக் கலந்துதான் பயமுறுத்துகிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்ததே, உண்மையா? என் மகளுக்குப் பதினொரு வயது. இம்மாதிரிப் படங்களுக்குக் கூட்டிப் போகலாமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

எண்ணெய் போடச் சொன்னவன்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள்மேல்தான் கோபம். அந்தப் பேயைக் கொன்றது நீங்கள். முதல் பத்தியிலேயே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டு, மூன்று கேள்வி வேறு கேட்டிருக்கிறீர்கள்.

தியேட்டர் ஒலிக்கருவியில் 0 முதல் 10 வரை ஓர் எண் உண்டு. படத்துக்கு ஒலி கலப்பவர்கள் அந்த எண் 7இல் இருக்கும் என்று நம்பித்தான் கலக்கிறார்கள். அந்த அளவில், திரைக்குப் பின்னாலிருக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபல் தரவேண்டும். அளவு எடுக்கும் இடம் திரையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு இருக்கை. பேய்ப்படத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது அந்த இடத்தையே எடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துச் சுவரிலிருக்கும் ஒலிபெருக்கி ஒன்றே உங்கள் காதில் பேசிக்கொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ நடப்பது முதுகுக்குப் பின்னால் கேட்காது.

புகார் வந்தால் எண்ணை 4க்கு இறக்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். 7இலிருந்து 4 என்றால் சுமார் 10 டெசிபல் குறைவு. காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தம். "பாதிதானே, அதனால் என்ன?" என்பீர்கள். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. கதவு அறையும் சத்தம் 100 டெசிபலில் இருந்தது 90க்கு வரும். அப்போதும் தூக்கிவாரிப் போடும். ஆனால் மாடிப்படியில் ஒரு பலகை முனகுவது 40இல் இருந்தது 30க்கு வந்துவிடும். நல்ல தியேட்டரிலேயே ஏ.சி. காற்றின் இரைச்சல் 35 டெசிபலை ஒட்டி இருக்கும். பலகை அதற்குள் மூழ்கிவிட்டது. ஆக, நீங்கள் குறைக்கச் சொன்னது பெரிய சத்தத்தை, காணாமல்போனது சின்னச் சத்தம். மிச்சம் இருந்தது வெறும் அறைதல்கள். முன்னே பின்னே எதுவும் இல்லாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் உங்கள் காதருகே தட்டை அடித்தால் முதல் தடவை திடுக்கிடுவீர்கள், மூன்றாம் தடவை சிரிப்பீர்கள். உங்கள் அரங்கம் சிரித்தது அதனால்தான்.

திடுக்கிடலுக்கும் பயத்துக்கும் உள்ள உறவும் இதுவே. எதிர்பாராத பெருஞ்சத்தத்துக்கு இமை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் மூடத் தொடங்கும். அது அனிச்சை, வீரனும் தப்ப முடியாது. ஆனால் ஏற்கெனவே பயந்திருப்பவனுக்கு அதே சத்தம் கூடுதலாகத் தூக்கிப்போடும் என்பது ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப அளக்கப்பட்ட விஷயம். அந்த முன்பயத்தை ஊட்டுவது யார்? நீங்கள் ஏ.சி.க்குப் பலி கொடுத்த பலகை.

படத்தில் 'நிசப்தம்' என்று நாம் நினைப்பது ஒலியின்மை அல்ல. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மூச்சு உண்டு. குழாயில் தண்ணீர் இறங்குவது, புகைபோக்கியில் காற்று, பகலில் விரிந்த உத்திரம் இரவில் சுருங்கும்போது எழும் 'டக்'. ஓட்டுவீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த 'டக்' தெரியும். இதையெல்லாம் தனித்தனியாகப் பதிவு செய்து, அடுக்கி, நம்மைப் பழக்குகிறார்கள். பிறகு அறைதலுக்கு இரண்டு நொடி முன்னால் எல்லாவற்றையும் மெல்ல உருவிவிடுகிறார்கள். காது தன்னையறியாமல் முன்னால் சாய்கிறது. அடி விழுவது அப்போதுதான். உருவ வேண்டியதே முதலில் கேட்கவில்லை என்றால், எதை உருவுவது?

1963இல் வந்த 'தி ஹாண்டிங்' படத்தில் பேயைக் காட்டவே மாட்டார்கள். இரவில் தாழ்வாரத்தில் தட்டல் ஒன்று தொலைவிலிருந்து நெருங்கி வருகிறது. உள்ளே கட்டிலில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கதவையே பார்க்கிறார்கள். பிற்பாடு ஒரு பெரிய மரக்கதவு மூச்சு விடுவதுபோல உள்பக்கம் வீங்குகிறது. பின்னால் நின்று ஓர் ஆள் தள்ளியதுதான் தந்திரம் முழுவதும். இயக்கிய ராபர்ட் வைஸ் தொழிலைத் தொடங்கியது ஒலி, இசை வெட்டுமேசையில். 'சிட்டிசன் கேன்' படத்தின் படத்தொகுப்பாளரும் அவரே. கறுப்பு வெள்ளையில் ஒரு கதவையும் ஒரு சத்தத்தையும் வைத்துக்கொண்டு அறுபது வருடமாக நம்மைப் பயமுறுத்துகிறார். காலாவதி பற்றிய உங்கள் கேள்விக்கு இது போதும்.

ஹெட்போனில் ஏன் பயந்தீர்கள் என்பதற்கும் விடை வந்துவிட்டது. நள்ளிரவு, மின்விசிறி நிறுத்திய அறை, காதை மூடிய ஹெட்போன். முனகல் ஒன்றுகூடத் தப்பியிருக்காது.

19 ஹெர்ட்ஸ் சமாச்சாரத்தை விடுங்கள். தாழ்ந்த உறுமல்களுக்கென்றே தியேட்டரில் இருக்கும் சப்வூஃபர் ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை 25, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துவிடும். கலந்தாலும் வந்து சேராது. அனுப்பியவரிடம் இதைச் சொன்னால் 20 ஹெர்ட்ஸ் என்று திருத்தி மறுபடி அனுப்புவார்.

டிரெய்லரின் சத்தம் பற்றி உங்கள் வலி நியாயமானதுதான், மறுக்கவில்லை. விளம்பரத்தையும் டிரெய்லரையும் மூச்சுவிட இடமில்லாமல் முதலிலிருந்து கடைசிவரை உரக்கக் கலந்திருப்பார்கள். குறைக்கச் சொன்னதில் தவறில்லை, படம் தொடங்கியதும் திரும்பப் போய் ஏற்றச் சொல்லாததுதான் தவறு. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களாக ஏற்றமாட்டார்கள். 'சத்தம் கம்மியா இருக்கு' என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், 'எத்தனையில வெச்சிருக்கீங்க?' என்று எண்ணைக் கேளுங்கள். கேட்பவனுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்தால் கை தானாகக் குமிழுக்குப் போகும். 6 என்றால்கூடப் பரவாயில்லை. டிரெய்லருக்கு ஓர் எண், படத்துக்கு ஓர் எண் என்று காட்சி வரிசையிலேயே முன்கூட்டிப் பதிந்துவைக்கும் வசதி டிஜிட்டல் அரங்குகளில் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டுக்கொண்டு, 'ஜனங்க பேய்ப்படம் பார்க்க வர்றதில்ல' என்று அங்கலாய்ப்பார்கள்.

இடைவேளையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். இடைவேளையே இல்லாமல் எடுத்த படத்தை நடுவில் அறுத்து, விளக்கைப் போட்டு, சமோசா விற்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். விளக்கு எரிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. நிலவறைக் காட்சி அநேகமாக அதற்கு அடுத்ததாகத்தான் வரும். முன்வரிசையில் செல்போன் நோண்டுகிறவரும் செய்வது இதே காரியம்தான்.

மகளை மறந்தே போனேன், மன்னிக்கவும். 'ஏ' சான்றிதழ் என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளே விடக்கூடாது, பேச்சே இல்லை. யு/ஏவில் இப்போது 7+, 13+, 16+ என்று பிரித்துப் போடுகிறார்கள். பதினொன்றுக்கு 7+ உள்ளதைப் பாருங்கள், பகல் காட்சியாக, வழியோர இருக்கையாக. பயந்தால் கண்ணைப் பொத்திக்கொள்ளத்தான் பிள்ளைகளுக்குத் தோன்றும். காதைப் பொத்தச் சொல்லிக்கொடுங்கள்.