செப்டம்பர் வரை பொறுக்கலாமா? கைப்பேசிக் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வழக்கமாகச் செப்டம்பரில் வரும் புதிய ஐபோன் நெருங்க நெருங்க, கடைக்கு வருகிறவர்கள் பழுதைச் சொல்வதை விட்டு ஜோசியம் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன். ஈரமான போனைச் சார்ஜில் போடாதீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி மாணவி, பெரம்பூர்: அக்கா, ஐபோன் 17 வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். புதியது வரும்வரை பொறுக்கலாமா?

கையில் இருக்கும் போன் ஓடுகிறது என்றால் பொறு. புதியதை வாங்குவதற்காக அல்ல, பழையதின் விலை இறங்குவதற்காக. ஐபோன் 15 வெளிவந்தபோது 79,900 ரூபாய். 2024 செப்டம்பரில் 16 வந்ததும் அதை 69,900 ஆக்கினார்கள். ஆனால் இதை எழுதிவைத்த சட்டமாக எடுத்துக்கொள்ளாதே. 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கணினிக் கூடங்களுக்காக அவற்றை அள்ளிக்கொண்டு போகிறார்கள். போன் செய்கிறவர்களுக்கும் அந்தச் சில்லுதான் வேண்டும், அதனால் இந்த முறை விலை இறங்காமலும் போகலாம்.

17-இன் சாதாரண மாடலிலேயே 256 ஜிபி இடமும், முன்பு விலை கூடிய ப்ரோ மாடல்களில் மட்டும் இருந்த, நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையும் வந்துவிட்டன. அடுத்ததில் உன் படிப்புக்கு அவசியமான எதுவும் புதிதாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதைய போன் அடிக்கடி அணைந்துபோகிறது என்றால் செப்டம்பரை மறந்துவிட்டு வாங்கிவிடு.

விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு: தங்கச்சி, இனி வரும் போன்களில் ஐபி68 மட்டுமல்ல, ஐபி69 கூட உண்டு என்கிறார்கள். கடலில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதா?

ஆகும் அண்ணே. இந்தப் பகுதியில் என் கடைக்கு வேலை தருவதே இந்த எண்கள்தான்.

ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக்குறி. முதல் எண் 6 தூசிக்கு. இரண்டாவது எண் 8 என்றால் ஒரு மீட்டருக்கும் அதிக ஆழத்தில் மூழ்குவதைத் தாங்கும் என்று பொருள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். சாம்சங் 1.5 மீட்டரில் 30 நிமிடம் என்கிறது, ஆப்பிள் 6 மீட்டரில் 30 நிமிடம் என்கிறது. 9 என்பது அருகிலிருந்து வேகமாகப் பீய்ச்சும் வெந்நீருக்கு. இவை எல்லாமே சோதனைக் கூடத்தில், புதிய போனில், நல்ல தண்ணீரில் பார்த்தவை. உப்பு நீரில் ஒருவரும் சத்தியம் செய்து தரவில்லை. கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று சாம்சங்கே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது.

உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சார்ஜர் சொருகும் துளைக்குள் இருக்கும் பின்கள் வெளியே திறந்தே கிடப்பவை. அங்கே உப்பு ஈரம் நிற்கும்போது சார்ஜரைச் சொருகினால் மின்னோட்டமே பின்னை அரித்துத் தின்றுவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும். உள்ளே தண்ணீர் புகாத போன்கூட இப்படித்தான் என் மேசைக்கு வருகிறது.

இன்னொன்று: போனை மூடியிருக்கும் பசை, பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம்போல நாளாக நாளாகத் தளரும். ஒருமுறை கீழே விழுந்து சட்டம் வளைந்தால் போயிற்று. வெளிக்கடையில் டிஸ்பிளே மாற்றினாலும் போயிற்று. என் கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பழைய அடைப்பு அப்படியே திரும்பும் என்று நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

கடலில் விழுந்து எடுத்துவிட்டால் உடனே அணையுங்கள். உடையாத, ஐபி68 உள்ள போன் என்றால் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள். துளை கீழ்நோக்கி இருக்கும்படி மெல்லத் தட்டி, காற்றாட வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், ஆப்பிளும் வேண்டாம் என்கிறது. மாவுத்தூள் துளையில் போய் அடைவதுதான் மிச்சம். சார்ஜில் போடவே வேண்டாம். தண்ணீர்ச் சேதத்துக்குச் சாதாரண வாரண்டியும் கிடையாது. படகுக்கு மலிவான ஒரு போனை நீர் புகா உறையில் போட்டு எடுத்துப்போங்கள். நல்ல போன் வீட்டில் இருக்கட்டும்.

உணவு விநியோக வேலை, வியாசர்பாடி: 7000 எம்ஏஹெச் பேட்டரியோடு மெலிதான போன்கள் வருகின்றன. நம்பலாமா?

நம்பலாம். பழைய பேட்டரியின் எதிர்முனை, அதாவது மைனஸ் பக்கம், முழுக்க கிராஃபைட் என்ற கார்பன். புதியவற்றில் அதோடு சிலிக்கானைக் கலக்கிறார்கள், அதே இடத்தில் கூடுதல் லித்தியம் அடங்கும். சிலிக்கான் தனியாக இருந்தால் சார்ஜ் ஏறும்போது சுமார் மூன்று மடங்கு உப்பிவிடும், அதனால்தான் கார்பனோடு கலப்பது. நாள் முழுக்க வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கும் உங்களுக்கு, அரை லட்சம் ரூபாய் கேமராவைவிட இதுதான் தேவை.

ஒரே எச்சரிக்கை வெயில். ஐபோனையே 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலுக்குத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மே மாதத்தில் வண்டியின் கைப்பிடியில் மாட்டி, சார்ஜும் போட்டுக்கொண்டு ஓட்டினால் எந்த பேட்டரியும் சீக்கிரம் கிழடாகிவிடும்.

தண்டையார்பேட்டை வாசகர்: 200 மெகாபிக்சல் நல்லதா, 48 நல்லதா?

200 உள்ள போன் வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. எண்ணைப் பார்க்காமல் சென்சாரின் அளவைப் பாருங்கள். அதைவிட, இரவில் உங்கள் தெருவிளக்கின் கீழ் எடுத்த படத்தைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர், திருவொற்றியூர்: அம்மா, ஐபோன் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிறது. பிறகு ஏன் அமெரிக்காவைவிட இங்கே விலை அதிகம்? பகல் கொள்ளை இல்லையா?

கணக்கர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன் ஐயா. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 அங்கே 799 டாலர். அது வரி சேராத விலை. அன்று டாலர் சுமார் 88 ரூபாய், ஆக ஏறத்தாழ 70,300. இங்கே 82,900, அது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலை. வரியைக் கழித்தால் சுமார் 70,250. எங்கே கொள்ளை?

எம்.கே.பி. நகர் இளைஞர்: அக்கா, வசதியான மாடலை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். ப்ரோவைக் கணக்கிடுங்கள்!

கணக்கிட்டேன் தம்பி. 1,099 டாலர் என்றால் சுமார் 96,700. இங்கே 1,34,900, வரி போக சுமார் 1,14,300. இடையில் பதினேழாயிரத்துக்கும் மேல். இரண்டுமே இந்தியாவில்தான் தயாராகின்றன. தயாரிக்கும் இடம்தான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் ஒன்றில் வித்தியாசம் இல்லாமலும் மற்றதில் இவ்வளவும் எப்படி? ப்ரோ வாங்குகிறவர் கொடுப்பார் என்று தெரிந்து வைத்த விலை அது. உன் கோபம் நியாயம், காரணம்தான் வேறு.

கணக்கர் மீண்டும்: 2006-இல் நோக்கியா ஆலை வந்தபோதும் நம் ஊரில் செய்வது என்று பெருமைப்பட்டோம். 2014-இல் பூட்டிவிட்டுப் போனார்கள். மக்களுக்கு என்ன மிச்சம்?

வேலை மிச்சம் ஐயா, ஆலை இருந்தவரைக்கும். போனின் மூளையான சில்லு தைவானில் ஆகிறது. திரையும் கேமராவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. இங்கே நடப்பது கோர்த்து முடிப்பது. மொத்த விலையில் அதன் பங்கு சிறியது, அதனால் அதில் மிச்சம் பிடித்தாலும் விலைச்சீட்டில் தெரியாது. பாகங்களும் இங்கேயே ஆகத் தொடங்கினால் பேசலாம்.

எம்.கே.பி. நகர் இளைஞர்: அப்படியென்றால் அரசு ஜிஎஸ்டியைக் குறைக்கட்டும்.

2020 ஏப்ரலுக்கு முன் 12 சதவீதமாக இருந்தது. கூட்டியவர்களிடம் கேள். நான் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவள். இதைப் பற்றி இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள், கடையில் தேநீர் நேரத்தில் வாருங்கள்.

எண்ணூர் வாசகி: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வருகிறார். புதிய ஐபோனை அங்கேயே வாங்கிவரச் சொல்லலாமா?

அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதல் சிம் அட்டை போடும் இடமே இல்லை, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். ஐபோன் ஏர் எந்த நாட்டில் வாங்கினாலும் அப்படித்தான். பழுதானால் வேறொரு போனில் சிம்மை மாற்றிப் பேசுவது நடக்காது. வீட்டில் எல்லோருக்கும் அது பழகும் என்றால் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை: செப்டம்பர் வரை பொறுக்கலாமா?

முதல் பதில்.

ராயபுரம்: தீபாவளித் தள்ளுபடி வரை பொறுக்கலாமா? 8+8 ஜிபி ரேம் போன் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு முதல் பதில். 8+8 என்பதில் இரண்டாவது 8 ரேம் இல்லை, சேமிப்பு இடத்தைக் கடன் வாங்கிக் காட்டுவது. வேகம் அதில் வராது. அது 8 ஜிபி போன், அந்த விலைக்கு மட்டும் ஒப்பிடுங்கள்.

மூலக்கொத்தளம்: டிவி 43 அங்குலமா, 55 அங்குலமா?

டிவிக்காரரிடம் கேளுங்கள்.

புது வண்ணாரப்பேட்டை: புதியது வந்ததும் நிறையப் பேர் பழைய போனை விற்பார்கள். பழையது வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இன்று வந்ததிலேயே உருப்படியான கேள்வி. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண் அது. KYM (கேஒய்எம்) என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் பேரம் பேசாமல் எழுந்து வாருங்கள். ஐபோன் என்றால் விற்பவர் தன் கணக்கை உங்கள் கண்முன் நீக்கவேண்டும், “அப்புறம் நீக்கித் தருகிறேன்” என்றால் வேண்டாம். பில்லையும் கேளுங்கள். பேட்டரியின் நிலை 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கொடுங்கள். பிறகு டார்ச் அடித்துச் சார்ஜ் துளைக்குள் பாருங்கள். பச்சை தெரிந்தால், மேலே சொன்ன அண்ணன் ஊர்ப் பக்கத்து போன்.