வாசகர் கேள்வி-பதில்: பழைய காரில் ஸ்காட்லாந்து ஏரிகளைச் சுற்றி ஒரு நாள்

கேள்வி: நாங்கள் கிளாஸ்கோவில் குடியிருக்கிறோம். என் கணவர் 1967ஆம் ஆண்டைச் சேர்ந்த மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வைத்திருக்கிறார். அதில் ஒரே நாளில் கிளென்கோ வரை சென்று திரும்பிவிடலாம் என்கிறார்; எனக்கு அது அதிகமாகத் தோன்றுகிறது. ஏரியும் மலையும் குறைவில்லாமல் காணக்கூடிய வேறு வழி உண்டா?
- வாசகி, கிளாஸ்கோ

பதில்: நியாயம் தங்கள் பக்கம்தான் இருக்கிறது. கிளென்கோ ஏறத்தாழ 90 மைல் தொலைவு. எட்டாத தூரம் அன்று. ஆனால் அந்தக் கார் மணிக்கு 45, 50 மைல் வேகத்தில்தான் அலட்டிக்கொள்ளாமல் ஓடும் என்பதால், போன வழியிலேயே திரும்பிவரும் அந்தப் பயணத்தில் பாதி நாள் கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். அதற்கு மாறாக, மொத்தம் ஏறத்தாழ 150 மைல் வரும் ஒரு சுற்று வழியை நான் பரிந்துரைக்கிறேன். ஏ82 சாலையில் லாக் லோமண்ட் ஏரியின் மேற்குக் கரையோரமாக டார்பெட் வரை சென்று, அங்கே இடப்புறம் ஏ83இல் திரும்பி, ஆரோகர் ஊரையும் 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்' கணவாயையும் கடந்து இன்வெரரி சேருங்கள். பிறகு ஏ819 வழியே லாக் ஆ ஏரியின் வடகோடிக்கும், ஏ85 வழியே டின்ட்ரமுக்கும் சென்று, கிரியன்லாரிக் ஊரைத் தாண்டி மீண்டும் லோமண்ட் கரைக்கே இறங்கிவிடலாம்.

இந்தத் திசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டார்பெட்டுக்கு வடக்கே ஏ82 மிகவும் குறுகி, ஒருபுறம் பாறைச் சுவரும் மறுபுறம் நீருமாக வளைந்து செல்கிறது. வடக்கு நோக்கிப் போகும்போது தாங்கள் பாறையை ஒட்டிய தடத்தில் இருப்பீர்கள். தெற்கு நோக்கி வரும்போதோ ஏரியை ஒட்டிய தடம் தங்களுடையதாகிவிடும். இடப்புற இருக்கையில் இருப்பவருக்கு ஏரி கைக்கெட்டும் தொலைவில் தெரிவதோடு, கரைப்பக்கத்து ஒதுங்குமிடங்களில் நிற்க எதிர்த் தடத்தைக் குறுக்கே கடக்கவும் வேண்டியதில்லை.

லோமண்ட், பிரிட்டன் தீவின் ஏரிகளில் பரப்பளவால் மிகப் பெரியது. ஏறத்தாழ 71 சதுர கிலோமீட்டர். தெற்கே அகன்று தீவுகளைச் சுமந்திருக்கும் அது, வடக்கே பனியாறு குடைந்த ஆழமான பள்ளத்தாக்கில் ஒடுங்கிவிடுகிறது. ஆரோகரில் தாங்கள் காணப்போகும் லாக் லாங் ஏரியன்று, கடலின் ஒரு கை. அங்கே அலை ஏற்றமும் இறக்கமும் உண்டு. 1263இல் நார்வே நாட்டுப் படையினர் அங்கிருந்து தம் படகுகளை இடைப்பட்ட சிறு நிலத்தின் மீது இழுத்துச் சென்று லோமண்டில் இறக்கினார்கள். தாங்கள் அதே நிலத்தைக் காரில் சில நிமிடங்களில் கடந்துவிடுவீர்கள் என்பதால், ஆரோகரில் சற்று நின்று, எதிரே 884 மீட்டர் உயரத்தில் கரடுமுரடான உச்சியுடன் நிற்கும் 'காப்ளர்' மலையைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். லாக் ஆவின் வடகோடியில் நீரோரமாக நிற்கும் கில்கர்ன் கோட்டை, 15ஆம் நூற்றாண்டில் கேம்பல் குலத்தவர் கட்டியது. நேரம் நெருக்கினால் இன்வெரரி அரண்மனையை விட்டுவிட்டு இந்தக் கோட்டையைப் பாருங்கள் என்பேன். அரண்மனையைப் பேருந்தில் வந்தும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அந்தக் கணவாயில் ஏறும்போது பழைய எஞ்சின் சூடேறி நின்றுவிடாதா? இறக்கத்தில் பிரேக் தாங்குமா?

பதில்: சாலை 800 அடி உயரத்துக்கு மேல் ஏறினாலும், ரேடியேட்டர் சுத்தமாகவும் விசிறிப் பட்டை இறுக்கமாகவும் இருந்தால் அது ஒரு மோரிஸுக்குப் பெரிய சோதனையன்று. கீழே பள்ளத்தாக்கின் தரையில் தெரியும் பழைய சாலை, 1740களில் படைவீரர்கள் அமைத்தது. வேலை முடிந்ததும் 'இளைப்பாறி நன்றி சொல்' என்று அவர்கள் கல்லில் பொறித்து வைத்ததே கணவாயின் பெயராயிற்று. பிற்காலத்தில் அந்தப் பழைய சாலையில் கார்களுக்கு மலையேற்றப் பந்தயங்கள் நடந்தன என்பது தங்கள் கணவருக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே குறைத்து, எஞ்சினைத் திணறவிடாமல் செலுத்த வேண்டும். சூடு கூடினால் ஹீட்டரை முழுவதும் திறந்துவிடுங்கள். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியே வெளியேறும். ரேடியேட்டர் மூடியை மட்டும் ஆறும் வரை தொடக்கூடாது. இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள வண்டி அது. மிதித்த காலை எடுக்காமலே இறங்கினால் டிரம் சூடேறி விரிந்து, பிரேக்கின் பிடிப்பு குறைந்துவிடும். ஆகவே மூன்றாம் கியரில் இறங்கி, பிரேக்கை இடைவிட்டு மிதியுங்கள்.

பலர் நினையாத இன்னொன்று மின்சாரம். டைனமோ பொருத்திய பழைய கார்கள் மெதுவாக ஓடும்போது போதிய மின்சாரம் தருவதில்லை. மழையில் முகப்பு விளக்கு, வைப்பர், ஹீட்டர் விசிறி மூன்றும் இயங்க, வண்டி நெரிசலில் நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கணவாயில் கனமழையால் மண்சரிவு ஏற்படுவது வழக்கம். 2020 ஆகஸ்டில் பெரும் சரிவு நிகழ்ந்தது. அத்தகைய வேளைகளில் பழைய படைச்சாலை வழியே வண்டிகளை வரிசையாக, மெதுவாக அனுப்புவார்கள். எனவே சாலையின் நிலையை விசாரித்தறியாமல் புறப்பட வேண்டாம்.

கேள்வி: எந்தப் பெட்ரோல் போடுவது?

பதில்: 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் கார்ப்பரேட்டரின் உறுப்புகளையும் அரிக்கக்கூடும். 'ஈ5' என்று குறித்த உயர்ரகப் பெட்ரோலை நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சிற்றூர்களின் பெட்ரோல் நிலையங்களில் அது கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: பின்னால் வண்டிகள் வரிசை கட்டினால் என்ன செய்வது? இரண்டு வயதுக் குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

பதில்: பாதுகாப்பான இடம் வந்ததும் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள், அந்நாட்டுச் சாலை விதிநூலும் அதையே சொல்கிறது. ஒற்றைத் தடக் கிளைச்சாலையில் நுழைந்தால், ஒதுங்குமிடம் இடப்புறம் இருக்கையில் அதனுள் செல்ல வேண்டும். வலப்புறம் இருந்தால் அதற்கு எதிரே தம் தடத்திலேயே காத்திருக்க வேண்டும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் படம் பிடிக்கப் போவது தவறு.

மூன்று வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டி இல்லாத காரில் ஏற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. தங்கள் காரின் பின்னிருக்கையில் முறையான பட்டியும், அதில் பொருந்தும் குழந்தை இருக்கையும் இல்லையென்றால், குழந்தையை வீட்டில் பெரியவர்களிடம் விட்டுச் செல்லுங்கள். பெரிய பிள்ளைகள் விஷயத்திலும் பட்டி பொருத்திய பிறகே அழைத்துச் செல்வது என் விருப்பம்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?

பதில்: மே மாதம். மேற்கு ஸ்காட்லாந்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை மழை ஒப்பளவில் குறைவு, பகலும் நீண்டிருக்கும். கோடை முற்றினால் 'மிட்ஜ்' எனப்படும் கடிக்கும் சிறு பூச்சிகள் ஏரிக்கரையில் நிற்கவிடாது. அக்டோபரில் மலைச்சரிவுகளின் பழுப்பும் பொன்னிறமும் அழகுதான், ஆனால் விரைவில் இருட்டிவிடும். டிசம்பரில் பகல் ஏறத்தாழ 7 மணி நேரமே. அத்துடன் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். பழைய காரின் அடித்தகட்டுக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை. தவிர்க்க முடியாமல் அப்போது போக நேர்ந்தால், திரும்பிய மறுநாளே அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடச் சொல்லுங்கள்.