ஆல்ப்ஸ் மலைத் திராட்சை கொடைக்கானலில் வருமா?

கேள்வி: கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை சாகுபடி செய்கிறேன். கொடைக்கானல் கீழ்மலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் 1,000 மீட்டருக்கு மேலும் பந்தல் போட்டு, ஒட்டுக் கட்டாமலே ஒயின் திராட்சை எடுக்கிறார்களாம். உயரமும் பந்தலும் நம்மிடமும் உண்டே, அந்த ரகம் இங்கே வருமா?

பதில்: கொடி வளரும் ஐயா, கட்டுபடியாகிற மகசூல் வராது.

நீங்கள் கேட்பது பிரியே பிளாங் என்ற வெள்ளைத் திராட்சை. மோன் பிளாங் சிகரத்துக்குக் கீழே மோர்ஜே, லா சால் என்னும் ஊர்களைச் சுற்றி, 900 முதல் 1,200 மீட்டர் வரை விளைகிறது. அங்குள்ள பந்தலை நம் பந்தலாக நினைத்துவிடாதீர்கள். நாம் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கம்பி கட்டுகிறோம். அவர்களுடையது பல தோட்டங்களில் இடுப்பளவுதான். பகலில் மண் வாங்கிய சூடு இரவில் குலைக்குக் கிடைக்க வேண்டும், காற்றும் பனியும் தாக்கக் கூடாது என்பதற்காக அப்படி. குலை வெட்டுகிறவர் முதுகைக் கேட்டால்தான் அந்த ஒயினின் உண்மை விலை தெரியும்! சுற்றியுள்ள சிகரங்கள் மழையைத் தடுப்பதால் அது வறண்ட பள்ளத்தாக்கு. கீழ்மலையின் வடகிழக்குப் பருவமழையில் அதே தாழ்ந்த பந்தலைப் போட்டால், ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய்க்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

ஒட்டுக் கட்டாததற்கும் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சியைத் தாங்கும் வேர்ச்செடியில்தான் மற்ற இடங்களில் ஒட்டுக் கட்டுகிறார்கள். அந்தப் பூச்சி இந்த உயரத்தில் நிலைகொள்ளவில்லை. அது இடத்தின் பலம். ரகத்துக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதாக எண்ண வேண்டாம்.

குளிர்காலம் முழுக்க இலையுதிர்த்து உறங்கி, குறுகிய கோடையில் நாளுக்குப் பதினைந்து மணி நேர வெளிச்சத்தில் பழுக்கும் கொடி அது. நம் மலையில் அந்த உறக்கமும் இல்லை, அந்த நீண்ட பகலும் இல்லை. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாலும் மொட்டு ஒரே சீராக வெடிக்காது.

அதே பள்ளத்தாக்கில் கீழே இறங்கினாலே ரகம் மாறிவிடுகிறது. நடுப்பகுதியில் பெத்தி ரூஜ், ஃபுமேன் என்ற உள்ளூர்ச் சிவப்பு ரகங்கள். இன்னும் தாழ்ந்த தோனாஸில் நெபியோலோ. உயரத்துக்கு ஏற்ற ரகம் என்று அவர்களே பிரித்து வைத்திருக்கும்போது, நாம் கடல் தாண்டிக் கொண்டுவருவது வீண் செலவு. குச்சி இறக்குமதிக்கு அனுமதியும் தாவரத் தனிமைப்படுத்தலும் வேறு தேவைப்படும்.

கம்பத்துத் தோட்டத்தில் பன்னீரையே தொடருங்கள். வேறு ரகம் பார்க்க ஆசையிருந்தால் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேளுங்கள். கீழ்மலை நிலத்தில் காபியும் மிளகும் போடலாம்.