நுகர்வோர் கேள்வி-பதில்: டேங்குக்குள் ஒரு பம்ப்

ஏற்காடு சீசன் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் வண்டிக் கடிதம் கூடிவிடும். இந்த முறை பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: பெட்ரோல் டேங்குக்குள் மூழ்கிக் கிடந்து என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூயல் பம்ப். அதனால் இந்த வாரம் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் செடான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறைந்து, திணறி நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் பிளக், அப்புறம் காயில் மாற்றினார்கள், 19,000 ரூபாய். குறை அப்படியே இருக்கிறது. இப்போது டேங்க் பம்ப் அசெம்பிளியை மாற்றிப் பார்க்கலாம், 34,000 ஆகும் என்கிறார்கள். மாற்றட்டுமா? (அஸ்தம்பட்டி)

ப: இன்னும் மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி தேய்ந்த பம்ப்புக்குப் பொருந்துகிறது என்பது உண்மைதான். சூடேறினால் நிற்பதும், ஆறினால் ஓடுவதும் வயதான பம்ப் மோட்டாரின் குணம். டர்போ வண்டியில் அது ஊருக்குள் தெரியவே தெரியாது. சேலம் ஐந்து ரோடு நெரிசலில் ஊர்ந்து போகும்போது என்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், களைத்த பம்ப்பும் அதைக் கொடுத்துவிடும். அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும் டர்போ காற்றை அழுத்தித் தள்ளும், என்ஜின் அதற்கு ஈடாகப் பெட்ரோல் கேட்கும். அங்கேதான் குட்டு வெளிப்படும்.

ஆனால் அறிகுறி பொருந்துவதை வைத்து 34,000 ரூபாய் கொடுக்க முடியாது. அளந்து பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அளந்ததாக ஒரு வரிகூட இல்லை.

‘மாத்திப் பாப்போம் சார்.’ இந்த மூன்று சொற்களின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். பிளக்கை மாற்றிப் பார்ப்போம், காயிலை மாற்றிப் பார்ப்போம், பம்ப்பை மாற்றிப் பார்ப்போம். யாருடைய பணத்தில் பார்ப்பது? ஊகம் அவர்களுடையது, செலவு உங்களுடையது. ஊகம் தப்பினால் மாற்றிய பாகத்தைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருகிறவர் யாராவது உண்டா? நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. வைத்தியர் நாடி பார்க்காமல் வயிற்றைக் கிழித்தால் ஒத்துக்கொள்வோமா?

பம்ப்பைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. சாவியை ஆன் செய்ததும் பெரும்பாலான வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்ற ஓசை வரும். வரவில்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. பிறகு பம்ப் கனெக்டரில், பம்ப் ஓடும்போதே வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். பம்ப்பைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி (பம்ப் மாடியூல்) வைத்த வண்டியில் அந்த மாடியூலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கேயே வோல்டேஜ் குறைந்தால் குற்றம் ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது. கனெக்டர் கருகியிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். சாதாரண இஞ்செக்‌ஷன் வண்டிகளில் அழுத்தம் 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவு கம்பெனி மேனுவலில் உண்டு. வண்டி நின்றபடி என்ஜின் ஓடும் ஐடிலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது, லோடில், அதாவது என்ஜின் சிரமப்பட்டு இழுக்கும்போது, ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களுடையது, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீச்சும் டைரக்ட் இஞ்செக்‌ஷன் என்றால் அதில் இரண்டு பம்ப் இருக்கும். டேங்குக்குள் இருப்பது ஒன்று. என்ஜின் மேல், கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்கும் ஹை பிரஷர் பம்ப் இன்னொன்று; அது பெட்ரோலை 100 பாருக்கும் மேல் அழுத்தும். ஸ்கேனரில் ‘பி0087’ என்று கோட் வந்ததாகக் காட்டுவார்கள். பிரஷர் குறைகிறது என்பதற்கு மேல் அந்த கோட் எதையும் சொல்லவில்லை. இரண்டில் எந்த பம்ப் காரணம் என்பதை கேஜ்தான் சொல்லும்.

எனக்கே நடந்தது இது. சில வருடங்களுக்கு முன் என் பழைய காருக்கு இதே பேச்சைக் கேட்டு 22,000 ரூபாய்க்குப் புது பம்ப் போட்டேன். மூன்றாம் நாள் தொப்பூர் ஏற்றத்தில், லாரிகளுக்கு நடுவில், பின் சீட்டில் அம்மா உட்கார்ந்திருக்க, வண்டி மறுபடியும் நின்றது. கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் துருப்பிடித்த எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கி 400 ரூபாய் வாங்கினார். அதற்குப் பிறகு அந்தக் குறை வரவே இல்லை. கழற்றிய பழைய பம்ப்பை நான் கேட்டு வாங்கவில்லை. நல்ல பம்ப் ஒன்றை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது: கேஜ் ரீடிங்கை ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போங்கள். ரீடிங் உண்மையிலேயே குறைந்திருந்தால், மோட்டார் மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். அசெம்பிளி என்பது மோட்டார், ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை எல்லாம் சேர்ந்த கூடு. சில வண்டிகளுக்கு அதை முழுதாகத்தான் விற்கிறார்கள், சிலவற்றுக்கு மோட்டார் தனியாகக் கிடைக்கும். கூட்டில் விரிசல் இல்லாமல் இருந்தால் மோட்டார் மட்டும் மாற்றுவதில் தப்பே இல்லை. அந்த 19,000-க்குக் கழற்றிய பிளக்கையும் காயிலையும் கையோடு கேட்டு வாங்குங்கள்.

கே: பம்ப் பெட்டியில் எம்ஆர்பி 8,450 என்று இருக்கிறது. பில்லில் அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? (குகை)

ப: தவறு. எம்ஆர்பி என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. மாட்டும் கூலிக்கு ஜிஎஸ்டி தனியாகப் போடலாம், பெட்டிக்கு மேல் போடக் கூடாது. பெட்டியைத் தூக்கி எறியாமல் பில்லோடு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் போங்கள்.

கே: ரீமேப் செய்த (சக்தி கூட என்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிய) ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். பெரிய பம்ப் வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடம், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் ‘ஒரிஜினல்’ பம்ப் 2,100 ரூபாய்க்கு வாங்கினேன். பில் இல்லை. நாற்பது நாளில் நின்றுவிட்டது. விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பணம் கிடைக்குமா? (சூரமங்கலம்)

ப: கடினம். பணம் அனுப்பிய ரசீதும் உரையாடலும் உங்களிடம் இருந்தால், அவர் கடை வைத்து விற்பவர் என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். முயன்று பாருங்கள், நம்பிக்கை வைக்காதீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரீமேப்புக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழித்தவர், அந்த என்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் பொருளில் ஏன் மிச்சம் பிடித்தீர்கள்? 255 லிட்டர் பம்ப்புகளில் போலி மலிந்து கிடப்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. டர்போவின் காற்றழுத்தம் (பூஸ்ட்) ஏறியிருக்கும் நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் காற்று-பெட்ரோல் கலவை வறண்டு, என்ஜினுக்குள் ‘நாக்’ என்ற தட்டல் வந்து, பிஸ்டன் உருகும். 2,100 ரூபாயோடு போயிற்று என்றால் உங்கள் நல்ல நேரம்.

அடுத்த முறை பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, மாதம், வருடம், விலை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பம்ப் அதிகக் கரண்ட் இழுக்கும். பழைய மெல்லிய ஒயரில் மாட்டாமல் தனி ரிலேயும் தடித்த ஒயரும் போடுங்கள். டேங்குக்குள் போகும் டியூப், மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த ‘30ஆர்10’ தரமாக இருக்க வேண்டும். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் டியூப் உள்ளே கிடந்தால் ஊறிப் பிய்ந்துவிடும்.

கே: பெங்களூரில் ஒரு டீலரிடம் பழைய டர்போ ஹேட்ச்பேக்கை 6,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபியூயல் பம்ப் புதிதாக மாற்றியது என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். வந்த பன்னிரண்டாம் நாளிலிருந்து பின் சீட்டில் பெட்ரோல் வாடை. முள் எப்போதும் பாதி டேங்க் காட்டுகிறது. சில காலைகளில் ஸ்டார்ட் ஆவதே இல்லை. டீலர், ‘விற்றது விற்றதுதான்’ என்கிறார். பெங்களூருக்கு அலைய என்னால் முடியாது. நான் தனியாக இருப்பவள். (நாகலூர், ஏற்காடு)

ப: முதலில் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், இன்றைக்கே. பெட்ரோல் வாடை உள்ளே வருகிறது என்றால் ஆவி உள்ளே வருகிறது. ஒரு பொறி போதும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனசு கனத்தது. பம்ப்பை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை கழற்றினால் அது உப்பிவிடும், மறுபடி சரியாக உட்காராது. கூட்டைத் திருப்பி மாட்டினாலோ மிதவைக் கம்பி வளைந்தாலோ முள் ஒரே இடத்தில் நிற்கும். உள்ளே போட்டதும் புது பம்ப்தானா என்பது கழற்றினால்தான் தெரியும். யாரும் கை வைக்கும் முன்னால், டீலருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து, மூடியைத் திறப்பதிலிருந்து போட்டோ எடுத்து, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள்.

நீங்கள் பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. உங்களுக்கு சேலம் மாவட்ட ஆணையம் போதும். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளை அங்கே விசாரிப்பார்கள். நீங்கள் கொடுத்த தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் நீங்கள் இரண்டு வாரத்துக்குள் தொடங்குங்கள். முதலில் டீலருக்கு, 15 நாள் அவகாசம் கொடுத்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ‘புது பம்ப்’ என்ற அந்தச் செய்தி உங்கள் பக்கத்தின் பெரிய பலம், அந்த போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். ‘விற்றது விற்றதுதான்’ என்பது அவர் கடையின் வழக்கம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதைச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. விடாதீர்கள். கடிதத்தின் வாசகம் வேண்டுமென்றால் எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

கே: எப்போதும் 300 ரூபாய்க்குப் போட்டு ரிசர்விலேயே ஓட்டுவேன். பம்ப் இரண்டாம் முறையாகப் போய்விட்டது. எந்த பிராண்ட் நல்லது? (சீலநாயக்கன்பட்டி)

ப: பிராண்டில் குறையில்லை. பம்ப்பைக் குளிர்விப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள்.

கே: மழை நாளில் பெட்ரோல் போட்டு இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் கார் நின்றது. டேங்கில் தண்ணீர், பம்ப்பும் போயிற்று. பங்க்கில் ‘எங்கள் பெட்ரோலால் இல்லை’ என்கிறார்கள். (கொண்டலாம்பட்டி)

ப: இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான், அதனால்தான் உடனே நின்றது. டேங்கிலிருந்து எடுத்ததை இரண்டு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, சாட்சியோடு மூடி வைத்தீர்களா? பில் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு, எண்ணெய் கம்பெனிக்கும் அனுப்புங்கள். அன்றைக்கு அதே பங்க்கில் போட்ட இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். ஒரே நாளில் மூன்று வண்டி நின்றிருந்தால் யாரும் தட்ட முடியாது. பில் இல்லையென்றால் என்னால் உதவ முடியாது. வருத்தமாகத்தான் இருக்கிறது.

கே: அப்பாவின் 2019 வேகன்ஆர் 1 லிட்டர். பம்ப் போய்விட்டது என்று 9,000 கேட்கிறார்கள். (ஓமலூர்)

ப: கொடுக்கும் முன் நில்லுங்கள். 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் ஃபியூயல் பம்ப்பைச் சோதிப்பதற்காக வேகன்ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 கார்களைத் திரும்ப அழைத்தது. குறை இருந்தால் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. 2018 நவம்பர் 15-லிருந்து 2019 அக்டோபர் 15 வரை தயாரான 1 லிட்டர் வேகன்ஆர் அதில் அடக்கம். மாருதி டீலரிடம் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, வேலை முடிந்ததா என்று கேளுங்கள். வருடம் ஓடிவிட்டது என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள்.

கே: நீங்கள் எப்போதும் பழைய பாகத்தை வாங்கி வரச் சொல்கிறீர்கள். பழைய ஃபியூயல் பம்ப்பை வைத்து என்ன செய்வது? (கோரிமேடு)

ப: வெளியே வெயிலில் வைத்து, பெட்ரோல் முழுக்க வடிந்து காயும்வரை வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். அப்புறம் அடியில் இருக்கும் வலை போன்ற ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். துருவோ கறுப்புச் சேறோ ஒட்டியிருந்தால் டேங்குக்குள்ளும் அழுக்கு இருந்திருக்கிறது என்று பொருள். டேங்கைக் கழுவாமல் புது பம்ப் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரம் போகும், இன்றே திரும்பிப் போய்க் கேளுங்கள். வலை சுத்தமாக இருந்தால் புது பம்ப்பின் வாரண்டி முடியும்வரை பழையதை ஒரு பையில் கட்டி, பில்லை அதோடு சேர்த்து மாட்டி வையுங்கள்.