"உடம்புக்கு ஒன்றுமில்லை" என்றால் ஆபத்து இல்லையா?

கேள்வி: தம்பிக்கு 22 வயது. போன வாரம் வீட்டில் சண்டை போட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். உடம்புக்குப் பாதிப்பில்லை என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். ஆனால் மனநல டாக்டர் மட்டும் ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். "சும்மா பயமுறுத்தத்தான் செஞ்சான், திரும்பக் கேட்டு ஞாபகப்படுத்தாதே" என்கிறார் அம்மா. இது பெரிய விஷயமா?
- ஓர் அக்கா, செந்தூல், கோலாலம்பூர்

பெரிய விஷயம்தான், சகோதரி.

வார்டு டாக்டர் பார்த்தது உடம்பில் நேர்ந்த சேதத்தை. மனநல டாக்டர் தேடியது தம்பியின் எண்ணத்தை. சேதம் குறைவு என்பதால் எண்ணமும் லேசானது என்று சொல்ல முடியாது. தான் செய்தது உயிரை எடுத்துவிடும் என்று அவன் முழுசாக நம்பியிருக்கலாம். அந்தக் கணக்குத் தப்பியதால் பிழைத்திருக்கலாம். அவன் என்ன நம்பினான் என்பதுதான் மனநல டாக்டர்களான எங்களுக்கு முக்கியம்.

அதற்குத்தான் அத்தனை கேள்விகள். யாராவது வந்துவிடக்கூடிய நேரமா, யாருமே வராத நேரமா? கண்டுபிடிக்காமல் இருக்க ஏதாவது செய்தானா? கடிதம் எழுதினானா, தன் பொருள்களை யாருக்காவது கொடுத்தானா? எத்தனை நாளாக யோசித்தான்? 1974இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் குழுவினர் வெளியிட்ட தற்கொலை நோக்க அளவுகோலில் இவையெல்லாம் உண்டு. நான் மிகக் கவனமாகக் கேட்பது இன்னொன்றை: கண் விழித்ததும் என்ன தோன்றியது? "நல்லவேளை" என்கிறவனுக்கும் "ஏன் காப்பாத்துனீங்க" என்கிறவனுக்கும் நிறைய வித்தியாசம்.

அந்த அளவுகோலில் மதிப்பெண் குறைவாக வந்தது என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. யார் மறுபடி முயல்வார் என்று கணிக்க இத்தகைய அளவுகோல்களை நம்ப வேண்டாம் என்றே சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் சொன்னது. ஆத்திரத்தில் சட்டென்று செய்தவன், அடுத்த சண்டையிலும் சட்டென்று செய்யலாம்.

அம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடுவதில்லை. நீங்களும் தம்பியும் தனியாக இருக்கும்போது நேராகவே கேளுங்கள்: "இப்பவும் செத்துப்போகணும்னு தோணுதாடா?" அப்புறம் அவனைப் பேச விடுங்கள். "அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா?" என்ற பேச்சை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள்; குற்ற உணர்வில் வாயை மூடிக்கொள்வான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து டாக்டரிடம் உண்மையை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. தெரிந்ததையெல்லாம் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டியவை. அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டுக்கு நீங்களே கூடப் போங்கள். அவன் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடிய எதுவும், வீட்டு மருந்துகள் உட்பட, அவன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். "ஆமா, தோணுது" என்றால் அவனைத் தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். நள்ளிரவில் அவனுக்கோ உங்களுக்கோ பேச ஆள் வேண்டுமென்றால், மன உளைச்சலில் இருப்பவர்களிடம் பேசும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்பின் எண் 03-7627 2929. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.