அப்பப்பாவின் பெட்டியில் கிடைத்த 1965 பிரிட்டிஷ் சர்ச்சில் நாணயம் வெள்ளியா? கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகளில் விற்கலாமா?

வெள்ளி இல்லை. அது செம்பும் நிக்கலும் கலந்தது. பிரிட்டன் 1947-லேயே புழக்க நாணயங்களில் வெள்ளியை நிறுத்திவிட்டது. அதனால் உருக்கி விலை பேசும் நகைக்கடையில் அதற்கு மதிப்பிருக்காது.

அதன் பெயர் கிரவுன், அதாவது ஐந்து ஷில்லிங். நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் சர்ச்சில், தொகை எங்குமே பொறிக்கப்படவில்லை. அன்று 20 ஷில்லிங் ஒரு பிரிட்டிஷ் பவுண். ஆகவே இது கால் பவுண். 1971 பெப்ரவரி 15-இல் பவுணை 100 பென்ஸாக்கியபோது ஷில்லிங் கணக்கு முடிந்தது. கிரவுன் மட்டும் 25 பென்ஸ் என்று சட்டப்படி இன்றும் செல்லும். அழிந்துபோன ஒரு கணக்கின் மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஒரு கோடிக்கு மேல் அடித்ததால் சேகரிப்பாளர்களும் அதிகம் தரமாட்டார்கள்.

சரி, அதே பெட்டியில் இலங்கையின் 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறதா என்று தேடுங்கள். கிட்டத்தட்ட அதே எடை, ஆனால் அது 92.5 சதவீத வெள்ளி. கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; தேய்த்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள்.