பாலித் தீவுத் தோட்டம்: படத்தை நம்பி முன்பணம் தரலாமா?

கேள்வி: தாம்பரம் அருகே புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் முன்புறம், மேற்குப் பார்த்து, 20 அடிக்கு 15 அடி இடம் காலியாக உள்ளது. பாலித் தீவு விடுதிகளில் காண்பது போன்ற வெப்பமண்டலத் தோட்டத்தை அமைத்துத் தருவதாக ஒருவர் கைப்பேசியில் படங்களைக் காட்டி, மொத்தமாக 1,80,000 ரூபாய் கேட்கிறார். பாதியை முன்பணமாகத் தர வேண்டுமாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைய நிலையில் வேண்டாம். தொகை அதிகமா குறைவா என்று சொல்லவே வழியில்லை. ஏனெனில் அந்தத் தொகைக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது எங்கும் எழுதப்படவில்லை. செடியின் பெயர், எண்ணிக்கை, உயரம், பையின் அளவு, மண்ணும் எருவும் எத்தனை லோடு, குழி எவ்வளவு ஆழம், பட்டுப்போன செடியை எத்தனை மாதம் வரை மாற்றித் தருவார் என்பவற்றைத் தனித்தனி விலையுடன் எழுதி வாங்குங்கள். செடிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. வடிவமைப்புக்கும் நடவு வேலைக்கும் 18 சதவீதம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டால் செடி விலைக்கும் சேர்த்து வரி கட்ட நேரலாம். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது.

அதைவிட முக்கியமானது வெயில். படங்களில் உள்ள கலாத்தியா, பெரணி, மான்ஸ்டெரா போன்றவை பெரிய மரங்களின் நிழலில் வளர்பவை. உங்களுடையதோ பிற்பகல் முழுவதும் வெயில் அறையும் மேற்கு வாசல். நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை நேரே அங்கே நட்டால் கத்திரி வெயிலில் இலை கருகிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருந்தால் கலாத்தியாவின் இலை நுனிகள் நிழலிலும் காயும். ஆகவே தோட்டத்தை இரண்டு பருவமாகப் பிரித்து வாங்குங்கள் என்பதே என் யோசனை. முதலில் வெயில் தாங்கும் அரிக்கா பாம், ஹெலிகோனியா, கல்வாழை, செம்பருத்தி ஆகியவற்றையும், விரைவில் நிழல் தரும் வாழையையும் நடுங்கள். அடுத்த ஆண்டு, நிழல் விழும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, தரையோரச் செடிகளை வாங்கலாம். சேம்பும் மஞ்சளும்கூட அதே அகன்ற இலைத் தோற்றத்தைத் தருபவை, விலையும் சொற்பம். சமையலுக்கு ஆகும் செடி என்பதாலேயே பலர் அவற்றை ஒதுக்குவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

விசிறி வாழை என்னும் டிராவலர்ஸ் பாம் பட்டியலில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மடகாஸ்கரைச் சேர்ந்த அது சிறு பையில் அழகாகத்தான் இருக்கும். வளர்ந்தபின் 20 அடிக்கு மேல் உயர்ந்து, விசிறியை அகல விரித்து உங்கள் வாசலையே மறைத்துவிடும்.

சென்னை நர்சரிகளுக்குச் செடிகள் பெருமளவில் ஆந்திரத்தின் கடியத்திலிருந்து வருகின்றன. பெரிய பைக்குப் பெரிய விலை என்பதால், சிறு பைச் செடியை அண்மையில்தான் பெரிய பைக்கு மாற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு. தண்டை மெல்ல அசைத்துப் பாருங்கள்: மண்ணோடு சேர்ந்து அசையாமல் செடி மட்டும் தளர்ந்து ஆடினால் வேர் இன்னும் பிடிக்கவில்லை. மாறாக, வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தாலும் வாங்காதீர்கள். கொட்டப்படும் செம்மண்ணில் கோரைக் கிழங்கு உள்ளதா என்று கிளறிப் பார்ப்பது அவசியம். ஒரு முறை புகுந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் வேர் பிடிக்கும்படி ஆகஸ்டில் நடுவது நல்லது. பாத்திகள் தரைமட்டத்தைவிட ஓரடி உயர்ந்திருக்கட்டும். மழைநீர் சேகரிப்புக் குழியின் மேல் கல் பாவ ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். செடிகள் வந்திறங்கி, நீங்கள் எண்ணிச் சரிபார்த்த பின் அடுத்த தவணை. மீதியில் ஒரு பகுதியை மாற்றித் தரும் காலம் முடியும்வரை நிறுத்திவையுங்கள். பேசியபடி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்கறிஞர் இன்றியே புகார் தரவும் முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொடுக்கல் வாங்கலுக்குக் கட்டணம் இல்லை. ரசீதும் தேதியிட்ட படங்களும் கையில் இருந்தால்தான் அந்தப் புகார் நிற்கும்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் நாயும் உள்ளன. இத்தகைய தோட்டத்தில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: டிஃபன்பேக்கியா, அலொக்கேசியா, ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, மணிபிளான்ட் ஆகியவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உள்ளன, கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். பச்சைச் சேம்பிலையும் அப்படித்தான். அரளி இவற்றைவிடக் கொடியது, இதயத்தையே தாக்கும். அதை வாங்கவே வேண்டாம். கலாத்தியா, அரிக்கா பாம், வாழை ஆகியவற்றைத் தயக்கமின்றி வைக்கலாம். விற்பவர் வழக்குப் பெயர் மட்டும் சொன்னால், தாவரவியல் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை எதையாவது கடித்துவிட்டால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.